இலையில வெள்ளைப் பொடி, அதுக்கு சரியான பேர் என்ன? சாம்பல் நோய் பூஞ்சைகளை வகைப்படுத்த முழுமையான வழிகாட்டி

இந்த வேலைக்கு புதுசா வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்துல தான் தடுக்கி விழறாங்க. இலையில வெள்ளையா பொடி இருக்கு, செடி பேர் தெரியும், உடனே "இந்தச் செடிக்கு வர்ற சாம்பல் நோய் எது"ன்னு ஒரு பட்டியல்ல தேடி அங்க இருக்கிற பேரை அப்படியே எழுதிடறாங்க. சில செடிக்கு அது சரியா அமைஞ்சிடும், ஆனா ஒரே செடியில ரெண்டு மூணு வேற வேற பேரினம் வர்ற இடத்துல மொத்தமும் தப்பாயிடும், அந்தத் தப்பு அடுத்தவங்க பட்டியலுக்கும் போயிடும்.

அதனால பேரை கடைசில தான் எழுதணும். பெரிய வட்டத்துலேருந்து சின்ன வட்டத்துக்கு வாங்க: உலகம், பிரிவு, வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம். எந்தப் படியில ஆதாரம் நிக்குதோ அங்கயே நீங்களும் நிக்கணும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற கை லென்ஸ், 400 மடங்கு வரைக்கும் போற மைக்ராஸ்கோப், ஸ்லைடு, கவர்ஸ்லிப், நல்லா ஒளி ஊடுருவுற செலோ டேப், மெல்லிசான ஊசி ரெண்டு, சுத்தமான தண்ணி, 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், கொஞ்சம் லாக்டிக் ஆசிட். ஹைட்ராக்சைடும் ஆசிடும் தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுட்டுத் தான் தொடணும்.

இதோட மைக்ராஸ்கோப்புக்குள்ள அளவு எடுக்கிற மைக்ரோமீட்டர் கட்டாயம் வேணும். "பெருசா இருந்துச்சு, நீளமா இருந்துச்சு"ன்னு எழுதி வச்சா அது யாருக்கும் உதவாது. ஸ்போர் (பூஞ்சை பரவுறதுக்கு விடற விதை மாதிரியான நுண்துகள்) அளவு மைக்ரான்ல (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்தா தான் இன்னொருத்தர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அகார் தட்டு (ஆய்வகத்துல பூஞ்சை வளர்க்கிற செயற்கை ஊடகம்) வேண்டாம். சாம்பல் நோய் பூஞ்சை உயிரோட இருக்கிற செடி செல்லுலேருந்து தான் சாப்பாடு எடுக்கும், செயற்கை ஊடகத்துல வளராது. இது தெரியாம இலையை அகார்ல வச்சு, மூணு நாள் கழிச்சு வளர்ந்து வர்ற ஆல்டர்னேரியாவையோ கிளாடோஸ்போரியத்தையோ பார்த்து "இதுதான் நோய்க்கிருமி"ன்னு ரிப்போர்ட் எழுதினவங்களை நானே பார்த்திருக்கேன். அது இலை மேல சும்மா உக்காந்திருந்த வேற பூஞ்சை.

2. இலையைப் பறிக்கிற விதமும் செடியோட பேரும்

முதல்ல செடியை சிற்றினம் வரைக்கும் உறுதி பண்ணுங்க, பூவோ காயோ இருந்தா போட்டோ எடுங்க. சாம்பல் நோய் பூஞ்சைகள்ல நிறைய, குறிப்பிட்ட செடி இல்லாட்டி குறிப்பிட்ட செடிக் குடும்பத்துல தான் வரும், அதனால செடி தப்பாச்சுன்னா மேல கட்டுறது எல்லாம் சரியும். இன்னொரு விஷயம், இந்தக் கூட்டம் பூக்கும் தாவரங்கள்ல மட்டும் தான் வாழும். பெரணியிலயோ பைன் மாதிரி ஊசியிலை மரத்துலயோ வெள்ளைப் பொடி இருந்தா அது வேற ஏதோன்னு அப்பவே முடிவு பண்ணிடலாம்.

இளசா பொடி படிய ஆரம்பிச்ச இலை கொஞ்சம், முத்திப் போய் கருப்பு புள்ளி வந்த இலை கொஞ்சம், ரெண்டும் எடுங்க. முதல் வகையில கொனிடியா (பாலினக் கலப்பு இல்லாம காம்பு நுனியில வர்ற ஸ்போர்) நல்லா இருக்கும், ரெண்டாவதுல பாலியல் நிலையோட காய் இருக்கும், அந்தக் கருப்பு புள்ளி தான் அது. ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்தா பாதி வேலை நடக்காது.

எடுத்துட்டு வரும்போது காஞ்ச பேப்பருக்கு நடுவுல வைங்க, தண்ணி தெளிக்காதீங்க. "வாடிடக் கூடாது"ன்னு ஈரத்துணி சுத்தி பிளாஸ்டிக் பையில போடறது தான் ரொம்ப சகஜமான தப்பு, இந்த கொனிடியா மேல தண்ணி நின்னா கெட்டுப் போகும், கூடவே வேற பூஞ்சையும் ஏறிடும். அடிச்சாம்பல் நோய்னு (பேர் ஒத்திருந்தாலும் வேற கூட்டம், 3வது படியில வரும்) சந்தேகம் இருந்தா மட்டும் நேர் எதிரா செய்யணும்: ஒரு ராத்திரி ஈரமான மூடின டப்பாவில வச்சீங்கன்னா காலையில இலைக்கு அடியில புதுசா ஸ்போராஞ்சியம் (அதோட ஸ்போர்ப் பை) வந்திருக்கும்.

3. இது பூஞ்சை தானான்னு முதல்ல பாருங்க

லென்ஸ் வச்சுப் பாருங்க. மருந்து தெளிச்ச கறை, பூந்தாது, மாவுப்பூச்சியோட மெழுகு, எல்லாமே தூரத்துலேருந்து வெள்ளைப் பொடி தான். பூசணிக் குடும்பத்துல சில வகைகளுக்கு நரம்பு ஓரமா இயல்பாவே வெள்ளித் திட்டு இருக்கும், விரல்ல தேய்ச்சா வராது. பூஞ்சைன்னா லென்ஸ்ல இழை இழையா, அதுலேருந்து நிமிர்ந்து நிக்கிற காம்புகள் தெரியும்.

அடுத்தது உலகம். இங்க தான் நம்ம மொழிப் பேரே குழப்பிவிடும், சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சொல்றதால ஒண்ணு இன்னொண்ணோட தம்பி மாதிரி தோணும். ஆனா அடிச்சாம்பல் நோயை உண்டாக்குற பிளாஸ்மோபாரா, பெரோனோஸ்போரா, சூடோபெரோனோஸ்போரா இதெல்லாம் பூஞ்சையே கிடையாது, ஊமைசீட்ஸ்ங்கிற கூட்டம், வம்சாவளியில பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் தான் சொந்தம். செல் சுவர்ல முக்கியமா செல்லுலோஸ் இருக்கும், இழையில குறுக்குச் சுவர் இருக்காது, நிறைய சிற்றினங்கள்ல தண்ணியில நீந்துற ஸ்போர் வரும். பூஞ்சையில செல் சுவர் கைட்டின்.

மைக்ராஸ்கோப்ல சுலபமான சோதனை இது: காம்பு மரக்கிளை மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு நுனியில எலுமிச்சை வடிவத்துல ஸ்போராஞ்சியம் இருந்தா அடிச்சாம்பல். கிளையே இல்லாம நேரா நிக்கிற காம்பு, அதுல குறுக்குச் சுவர், நுனியில பெரிய நிறமில்லாத கொனிடியா இருந்தா சாம்பல் நோய்.

"மேல் பக்கம் இருந்தா சாம்பல், அடிப்பக்கம் இருந்தா அடிச்சாம்பல்"ங்கிற விதியை மட்டும் நம்பாதீங்க. லெவில்லுலா, ஃபில்லாக்டினியா ரெண்டும் உண்மையான சாம்பல் நோய் பூஞ்சை, ஆனா பெரும்பாலும் இலைக்கு அடியில தான் தெரியும்.

வெள்ளைத் துருன்னு சொல்ற அல்பூகோவும் ஊமைசீட்ஸ் தான், அது துருவும் இல்ல பூஞ்சையும் இல்ல. முட்டைகோஸ் குடும்பத்துல வேர் வீங்க வைக்கிற பிளாஸ்மோடியோஃபோரா இன்னும் தள்ளி, ரைசேரியாங்கிற வேற கிளையில இருக்கு. பழைய புத்தகத்துல இதெல்லாம் பூஞ்சைக்குக் கீழ தான் இருக்கும், அதைப் பார்த்து அப்படியே எடுக்காதீங்க.

4. பூஞ்சைன்னா எந்தப் பிரிவு

செடியில நோய் உண்டாக்குற பூஞ்சைகள்ல பெரும்பாலானவை ரெண்டு பிரிவுல அடங்கிடும், ஆஸ்கோமைக்கோட்டா, பசிடியோமைக்கோட்டா.

துருவும் கரிப்பூட்டையும் பசிடியோமைக்கோட்டா. துரு இலைத் தோலைக் கிழிச்சுட்டு வெளிய வரும், விரல்ல தேய்ச்சா ஆரஞ்சுப் பொடியோ பழுப்புப் பொடியோ ஒட்டும், துறை பக்சீனியேல்ஸ். அதுல டீலியோஸ்போர் (துருவோட தடிச்ச சுவர் இருக்கிற ஸ்போர்) ரெண்டு செல்லா இருந்தா பக்சீனியா, ஒரே செல்லா இருந்தா யூரோமைசிஸ்னு ஆரம்பிக்கலாம். ஒரே துருப் பூஞ்சைக்கு அஞ்சு வகை ஸ்போர் வரைக்கும் இருக்கலாம், அதுவும் ரெண்டு சம்பந்தமில்லாத செடியில மாறி மாறி வாழலாம், கோதுமைத் தண்டுத் துரு பார்பெர்ரி செடிக்குப் போற மாதிரி. அதனால ஆரஞ்சுப் பொடியை மட்டும் பார்த்து சிற்றினம் சொல்லாதீங்க.

கரிப்பூட்டையில தானியம் இருக்க வேண்டிய இடத்துல கருப்புப் பொடி நிறைஞ்சிருக்கும். நிறைய கரிப்பூட்டை உஸ்டிலாஜினேல்ஸ்ல வரும், ஆனா கோதுமையில நாத்தம் அடிக்கிற டில்லேஷியா வேற வகுப்பு. கருப்பா இருக்கேன்னு கரும்பூசணத்தை இதோட சேர்க்காதீங்க, அது அசுவினி மாதிரி பூச்சிகள் விடற தேன் மாதிரியான இனிப்புப் பிசுக்கு மேல வளருது, துடைச்சா அடியில இலை பச்சையா இருக்கும்.

சாம்பல் நோய், ஆல்டர்னேரியா, கொலெட்டோட்ரிக்கம், ஃபியூசேரியம், நெல் குலைநோயோட பைரிகுலேரியா, எல்லாம் ஆஸ்கோமைக்கோட்டா. ஆனா ஒரே பிரிவுங்கிறதால நெருங்கின சொந்தம்னு எடுக்க முடியாது, ஆல்டர்னேரியா டோத்திடியோமைசீட்ஸ் வகுப்பு, ஃபியூசேரியமும் பைரிகுலேரியாவும் சோர்டேரியோமைசீட்ஸ், சாம்பல் நோய் லியோஷியோமைசீட்ஸ்.

துறை விஷயத்துல ரெண்டு புத்தகம் ரெண்டு மாதிரி சொன்னா பயப்படாதீங்க. காலங்காலமா எரிசைஃபேல்ஸ்னு தனித் துறை, இப்ப டிஎன்ஏ பார்த்துட்டு சிலர் ஹெலோஷியேல்ஸுக்குள்ள கொண்டு போறாங்க. குடும்பம் மட்டும் மாறல, எரிசைஃபேசி. எந்த ஏற்பாட்டைப் பின்பற்றுறீங்கன்னு ஒரு வரி எழுதிட்டா போதும்.

5. கொனிடியாவை அன்னைக்கே பாருங்க

முழு வேலையில இது தான் முக்கியமான படி, அதிகமா அவசரப்படறதும் இங்க தான். பறிச்ச அன்னைக்கே பாருங்க, நாளைக்கு கொனிடியா சுருங்கிடும், உள்ள இருக்கிற அடையாளம் போயிடும்.

முதல்ல பார்க்க வேண்டியது, கொனிடியா சங்கிலியா வருதா, ஒண்ணொண்ணா வருதான்னு. இதை டேப்ல ஒட்டி எடுத்தோ தண்ணியில போட்டோ முடிவு பண்ணாதீங்க, தொட்டதும் சங்கிலி உடைஞ்சிடும், எல்லாமே ஒண்ணொண்ணா தான் தெரியும். இலையை மடிச்சு மடிப்போட ஓரத்தைக் குறைஞ்ச பெருக்கத்துல பக்கவாட்டுல பாருங்க, நிமிர்ந்து நிக்கிற காம்பும் சங்கிலியும் அப்படியே தெரியும்.

போடோஸ்ஃபீரா, கோலோவினோமைசிஸ், நியோஎரிசைஃபி, புளூமேரியா, சவாடேயா இதெல்லாம் சங்கிலி. எரிசைஃபி, லெவில்லுலா, ஃபில்லாக்டினியா ஒண்ணொண்ணா. இதுல ஒரு பொறி இருக்கு, காத்து அசையாத ஈரமான இடத்துல எரிசைஃபியோட கொனிடியா கீழ விழாம ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு குட்டிச் சங்கிலி மாதிரி நிக்கும், தக்காளியில வர்ற ஒண்ணுல இது அடிக்கடி பார்க்கலாம். உண்மையான சங்கிலியில கீழ இருக்கிறது இளசு, மேல போகப் போக முத்தினது, படிப்படியா மாற்றம் தெரியும். போலிச் சங்கிலியில எல்லாம் ஒரே வயசா முழுசா முத்தினதா இருக்கும்.

ரெண்டாவது ஃபைப்ரோசின் துகள். புது கொனிடியாவை 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுலயோ தண்ணியிலயோ போட்டு, வெளிச்சத்தைக் குறைச்சு, 400 மடங்குல பாருங்க. போடோஸ்ஃபீரா, சவாடேயா, சிஸ்டோதீக்கா இவைகள்ல உள்ளுக்குள்ள குச்சி மாதிரி, வட்டு மாதிரி, கூம்பு மாதிரி பளபளப்பா தெரியும். உருண்டையா இருக்கிற எண்ணெய்த் துளியையும் வெற்றிடத்தையும் பார்த்து "ஃபைப்ரோசின் இருக்கு"ன்னு எழுதறது வழக்கமான பிழை, கோணமான விளிம்பு இருக்கான்னு கவனிங்க. பழைய காஞ்ச மாதிரியில தெரியலைங்கிறதால இல்லைன்னு சொல்லிடக் கூடாது.

மூணாவது வடிவமும் அளவும். குறைஞ்சது 30 கொனிடியா அளந்து எல்லையை எழுதுங்க, ஒண்ணு ரெண்டு அளந்தா தற்செயல் தான் மிஞ்சும். லெவில்லுலாவுல ரெண்டு வடிவம் வரும், முதல்ல உண்டாகறது ஈட்டி முனை மாதிரி கூரா, அடுத்தது உருளையா. ஃபில்லாக்டினியாவுல கதாயுதம் மாதிரி ஒரு பக்கம் பருத்திருக்கும்.

கையில காஞ்ச மாதிரி மட்டும் தான் இருக்குன்னா லாக்டிக் ஆசிட் துளியில பொடி இருக்கிற பக்கம் கீழ வர்ற மாதிரி இலைத் துண்டை வச்சு லேசா சூடாக்குங்க, சுருங்கின கொனிடியா திரும்ப உப்பி வடிவமும் அளவும் பார்க்கிற நிலைக்கு வரும்.

6. இழை, ஒட்டுறுப்பு, காம்போட அடி

இழை இலைக்கு வெளிய மட்டும் ஓடுதா உள்ளயும் போகுதா? பெரும்பாலான பேரினங்கள் வெளிய மட்டும் படர்ந்து, தோல் செல்லுக்குள்ள ஹாஸ்டோரியத்தை மட்டும் விட்டு உறிஞ்சும். லெவில்லுலா முக்கியமா இலைக்குள்ள வளர்ந்து இலைத்துளை வழியா காம்பை வெளிய நீட்டும். அதனால தான் அது மேல் பக்கம் மஞ்சள் திட்டாவும் அடிப்பக்கம் வெள்ளையாவும் தெரிஞ்சு அடிச்சாம்பல்னு ஏமாத்துது.

இழை செடியைப் பிடிச்சிருக்கிற ஒட்டுறுப்பையும் பாருங்க. எரிசைஃபியில பெரும்பாலும் விரிஞ்சு மடல் மடலா இருக்கும், கோலோவினோமைசிஸ்ல முலைக்காம்பு மாதிரி சின்ன மேடு, போடோஸ்ஃபீராவுல சரியாவே தெரியாது. செலோ டேப்பை இலையில மெதுவா அழுத்தி உரிச்சு ஸ்லைடுல ஒட்டினா இது நல்லா கிடைக்கும். புல், கோதுமை, பார்லி மாதிரி செடியில காம்போட அடி பல்பு மாதிரி வீங்கி, ஹாஸ்டோரியம் விரல் விரலா இருந்தா புளூமேரியா.

7. கருப்புப் புள்ளி, அதாவது கேஸ்மோதீசியம்

முன்னாடி கிளைஸ்டோதீசியம்னு சொல்லிட்டிருந்த உருண்டைக் காய் தான் இது, வெள்ளையா ஆரம்பிச்சு மஞ்சளாகி பழுப்பாகி கருப்பாகும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு சுமார், ஃபில்லாக்டினியாவுல அதைவிடப் பெருசு. ஊசியில எடுத்து தண்ணித் துளியில வச்சு, முதல்ல சுத்தி நீட்டிட்டிருக்கிற இழைகளைப் பார்த்து வரைஞ்சுட்டு, அப்புறம் தான் கவர்ஸ்லிப் மேல மெதுவா அழுத்தி உடைக்கணும். நேரா அழுத்திட்டா இழையும் சிதைஞ்சிடும், உள்ள ஸ்போர் வச்சிருக்கிற பையான ஆஸ்கஸும் நசுங்கிடும்.

உடைஞ்சதும் உள்ளேருந்து ஒரே ஒரு ஆஸ்கஸ் வந்தா போடோஸ்ஃபீரா இல்லாட்டி சிஸ்டோதீக்கா. பல ஆஸ்கஸ் வந்தா மத்த பேரினங்கள். இழை நுனி கொக்கி மாதிரி சுருண்டிருக்கா, மான் கொம்பு மாதிரி ரெண்டு ரெண்டா பிரியுதா, சாதாரண இழை தானா, இல்ல அடியில பல்பு வச்ச நேரான ஊசியான்னு எழுதுங்க. கடைசி வகைன்னா ஃபில்லாக்டினியா.

ஆனா இழையை மட்டும் வச்சு பேரினம் பிரிக்கிறது பழைய முறை. சுருண்டா அன்சினூலா, மான் கொம்பா மைக்ரோஸ்ஃபீரான்னு தனித்தனியா வச்சிருந்தாங்க, டிஎன்ஏ பார்த்தப்ப இந்த வடிவங்கள் ஒரே கூட்டத்துக்குள்ள கலந்து வர்றது தெரிஞ்சு ரெண்டையும் எரிசைஃபிக்குள்ள சேர்த்தாங்க. ஸ்ஃபீரோதீக்காவும் இப்ப போடோஸ்ஃபீரா. டிஎன்ஏ சொல்ற உறவுகளோட இழையைவிட கொனிடியா நிலை தான் நல்லா ஒத்துப் போச்சு, 5வது படியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு அதுவும் காரணம்.

ரெண்டு எச்சரிக்கை. பழுப்பா சின்னதா இருக்கிற எல்லாமே கேஸ்மோதீசியம் இல்ல. சாம்பல் நோய் பூஞ்சை மேலயே ஒட்டுண்ணியா வாழற ஆம்பிலோமைசிஸ்னு ஒண்ணு இருக்கு, அது இழைக்குள்ளயும் காம்புக்குள்ளயும் தன்னோட பிக்னிடியத்தை (ஸ்போர் நிறைஞ்ச குட்டிக் கூடு) வைக்கும், அழுத்தினா ஆஸ்கஸ் வராது, பொடிப் பொடியா நிறைய ஸ்போர் கொட்டும். ரெண்டாவது, ஃபில்லாக்டினியாவோட காய் தன் ஊசிகளை வளைச்சு இலையிலேருந்து எம்பிக் கழண்டு காத்துல போய் சம்பந்தமே இல்லாத செடியில உக்காரும். ஒண்ணு ரெண்டு காய் மட்டும் கிடைச்சு பக்கத்துல இழையோ கொனிடியாவோ இல்லைன்னா அந்தச் செடியை நோய் வர்ற செடின்னு எழுதாதீங்க.

8. படிகளைப் போட்டுப் பார்க்கலாம்

வெள்ளரி இலையில மேல் பக்கம் வெள்ளைப் பொடி. காம்பு கிளையில்லாம நேரா, ஊமைசீட்ஸ் இல்ல. மடிப்பு ஓரத்துல சங்கிலி, எரிசைஃபி இல்ல. ஹைட்ராக்சைடுல குச்சிக் குச்சியா ஃபைப்ரோசின் தெரிஞ்சா போடோஸ்ஃபீரா, வெள்ளரியில பெரும்பாலும் போடோஸ்ஃபீரா சாந்தியை. தெரியலைன்னா, மாதிரி புதுசா இருக்கிற பட்சத்துல, கோலோவினோமைசிஸ். ஒரே இலையில ரெண்டும் கலந்து இருக்கலாம், அதனால மூணு நாலு திட்டுலேருந்து தனித்தனியா எடுங்க. செடிப் பேரை வச்சுத் தேடினவங்களுக்கு இங்க எந்த வழியும் கிடையாது, ரெண்டு பேரும் அந்தப் பட்டியல்ல இருக்கும்.

தக்காளி இன்னொண்ணு. மேல் பக்கம் பொடி, கொனிடியா ஒண்ணொண்ணா, மடல் ஒட்டுறுப்பு இருந்தா சூடோஇடியம் நியோலைகோபெர்சிசை (சூடோஇடியம்ங்கிறது எரிசைஃபியோட கொனிடியா நிலைக்கு வச்ச பேர்). மேல மஞ்சள், அடியில வெள்ளை, ஈட்டி முனை கொனிடியா இருந்தா லெவில்லுலா டாரிகா.

9. டிஎன்ஏ பார்க்கிறதா இருந்தா

பூஞ்சைகளை அடையாளம் காண பார்கோடா 2012ல முன்வைச்ச டிஎன்ஏ பகுதி ஐடிஎஸ் (ITS), அங்கேருந்து ஆரம்பிங்க. ஒரு சுத்தமான திட்டுலேருந்து கொனிடியாவை மட்டும் எடுங்க, இலையை அரைக்காதீங்க. எல்லா பூஞ்சைக்கும் பொதுவான பிரைமர் (எந்த டிஎன்ஏ துண்டைப் பெருக்கணும்னு காட்டுற குட்டி டிஎன்ஏ) போட்டா ஆம்பிலோமைசிஸோ வேற பூஞ்சையோ பெருகி வந்துடும், சாம்பல் நோய்க்குன்னே இருக்கிற பிரைமர் நல்லது.

கிடைச்ச டிஎன்ஏ வரிசையை ஜென்பேங்க்ல (எல்லாரும் வரிசை போட்டு வைக்கிற பொதுத் தரவுத்தளம்) தேடினதும் மேல வர்ற முதல் பேரை எடுத்துக்காதீங்க. அங்க இருக்கிற பேர் அனுப்பினவங்க வச்சது, தப்பாவும் இருக்கும் பழசாவும் இருக்கும். நெருங்கின சிற்றினங்களுக்குள்ள ஐடிஎஸ் சில எழுத்து தான் மாறும், அதனால 99 சதவீதம்னு வந்தாலும் மைக்ராஸ்கோப்ல பார்த்ததோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகலைன்னா, தப்பான பூஞ்சையைப் பெருக்கிட்டோமான்னு தான் முதல்ல சந்தேகப்படணும்.

10. பேரை எழுதறது

முன்னாடி ஒரே பூஞ்சைக்கு பாலியல் நிலைக்கு ஒரு பேர், கொனிடியா நிலைக்கு இன்னொரு பேர். 2011ல மெல்போர்ன்ல நடந்த சர்வதேச தாவரவியல் மாநாட்டுல முடிவாகி, 2013 ஜனவரி 1லேருந்து ஒரு பூஞ்சைக்கு ஒரு பேர் தான். அதனால பழைய ரிப்போர்ட்ல ஓஇடியம்னு (கொனிடியா நிலைக்கு வச்சிருந்த பழைய பேர்) இருந்தா அதோட இப்போதைய பேரை இண்டெக்ஸ் ஃபங்கோரம், மைக்கோபேங்க்ங்கிற ரெண்டு பூஞ்சைப் பேர்த் தரவுத்தளத்துலயும் தேடுங்க, ரெண்டுலயும் பாருங்க, சில சமயம் ஒத்துப் போகாது. திராட்சையில பழைய அன்சினூலா நெக்கேட்டர் இப்ப எரிசைஃபி நெக்கேட்டர், பூஞ்சை அதே பூஞ்சை தான்.

பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள ஒரு ஆள் பேர், வெளிய இன்னொரு ஆள் பேர் இருந்தா, உள்ள இருக்கிறவர் முதல்ல வேற பேரினத்துல விவரிச்சவர், வெளிய இருக்கிறவர் இங்க மாத்தினவர். அந்தக் குறியை விட்டுட்டா பேரோட வரலாறே மாறிப் போயிடும்.

சிற்றினம் உறுதியாகலைன்னா பேரினம் எழுதி நிறுத்துங்க. கொனிடியா மட்டும் பார்த்திருந்தா அதையும் சொல்லுங்க. இலையை அழுத்திக் காய வச்சு, செடிப் பேர், தேதி, இடம், இலையோட எந்தப் பக்கம், எந்த நிலை, அளவு எல்லாம் எழுதின சீட்டோட உறையில போடுங்க, கருப்புப் புள்ளி இல்லைன்னா அதே செடிக்கு பருவக் கடைசில திரும்பப் போய் பழுத்து விழப் போற இலைகளைப் புரட்டிப் பாருங்க.